லோட் ஷெடிங் வருமுன் ஃபைல் சர்வரை அணைப்பது: அறிகுறிவாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் ஓர் அச்சகத்துக்கு நான் சர்வர் பார்த்துக்கொள்கிறேன். சர்வர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மேசைக்கு அடியில் டெபியன் லினக்ஸ் ஓடும் ஒற்றைப் பெட்டி, பக்கத்தில் மின்சாரம் போனால் பேட்டரியில் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு யூபிஎஸ், அவ்வளவுதான். டிசைன் செய்கிறவர்களின் விண்டோஸ் கணினிகளுக்கு, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குக் கோப்பு பகிரும் சாம்பா வழியாகக் கோப்புகளைக் கொடுக்கிறது. பிளேட் எடுக்கும் லினக்ஸ் கணினிக்கும், இரவில் பேக்கப் எடுக்கும் இன்னொரு பெட்டிக்கும், லினக்ஸ் கணினிகளுக்கிடையே கோப்பு பகிரும் என்எஃப்எஸ் வழியாகக் கொடுக்கிறது. தைப்பூசக் காவடிக்கும், புனித வெள்ளியன்று மவுண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கும் முந்தைய வாரங்களில் நோட்டீஸ், பேனர், நன்கொடை ரசீதுப் புத்தகம் என்று ராத்திரி பகல் பார்க்காமல் வேலை ஓடும்.

2023-இல் தென்னாப்பிரிக்கா முழுக்க மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. எங்கள் தெருவில் ஒரு வெட்டு இரண்டு மணி நேரம், சில நாட்களில் இரண்டு மூன்று வெட்டு. லோட் ஷெடிங், அதாவது பகுதிவாரியாக முறைவைத்து வரும் இந்த மின்வெட்டிடம், ஒரு நல்ல குணம்: சொல்லிவிட்டு வரும். அட்டவணை இருக்கிறது, போனில் ஆப் இருக்கிறது. சர்வரை ஒழுங்காக அணைக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும். கிடைத்தும் நான் பலமுறை சொதப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரே தப்புதான்: அடியிலிருந்து தொடங்கினேன். டிஸ்க்கைக் கழற்றப் போவேன் (திருகாணியை அல்ல; ஃபோல்டராக இணைத்து வைப்பது மவுண்ட், அதை விலக்குவது யுமவுண்ட்), அது வராது. சேவையை நிறுத்தப் போவேன், அது நிற்காது. அப்புறம் யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு மேசையாக ஓடுவேன்.

பந்தி பரிமாறிய யாருக்கும் சரியான வரிசை தெரியும். புதிதாக ஆள் உட்காராமல் வாசலில் நிறுத்து. உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கும்வரை பொறு. அப்புறம் இலையை எடு, பாயைச் சுருட்டு, கடைசியாக மண்டபத்து விளக்கை அணை. கீழே வரும் அறிகுறிகளில் முக்கால்வாசி இந்த வரிசை எங்கோ பிசகியதால் வந்தவை.

கட்டளைகளைப் போனில் சொல்லிச் சொல்லியே பழகிவிட்டேன். அதனால் காதில் விழுகிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் ரூட் (நிர்வாகி) அனுமதி வேண்டும்.

அறிகுறி: வெட்டுக்கு இன்னும் பதினைந்து நிமிடம், யார் எதைத் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை

முதலில் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ்' அடியுங்கள். மூன்று அட்டவணை வரும். முதலாவதில் யார் உள்ளே இருக்கிறார்கள், இரண்டாவதில் எந்த ஷேரில் (பகிர்ந்த ஃபோல்டரில்) இருக்கிறார்கள், மூன்றாவதில் எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறார்கள். அவசர நேரத்தில் பார்க்க வேண்டியது மூன்றாவது. அது மட்டும் வேண்டுமென்றால் 'எஸ்எம்பிஸ்டேட்டஸ் -எல்', எல் பெரிய எழுத்து.

அதிலும் எல்லா வரியும் முக்கியமில்லை. ஆர்/டபிள்யூ என்ற பத்தியில் 'ஆர்டிஒன்லி' (படிக்க மட்டும்) என்று இருந்தால், பெரும்பாலும் யாரோ ஃபோல்டர் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார்கள்; பாதகமில்லை. 'ஆர்டிடபிள்யூஆர்' என்று இருந்தால் எழுதும் உரிமையோடு கோப்பு திறந்திருக்கிறது. அந்த வரியின் தொடக்கத்தில் உள்ள ப்ராசஸ் (ஓடும் நிரல்) எண்ணை முதல் அட்டவணையில் தேடினால் ஆளும் கணினியும் தெரிந்துவிடும். சாம்பா ஒவ்வொரு கிளையன்ட்டுக்கும், அதாவது இணையும் ஒவ்வொரு கணினிக்கும், தன் சேவை நிரலான எஸ்எம்பிடியின் தனி ப்ராசஸ் வைத்திருப்பதால் இது வசதி.

எங்கள் அச்சகத்தில் இந்த வரி எப்போதும் கணக்கு பார்க்கும் அக்காவில்தான் போய் முடியும். மதுரைக்காரர், எக்செல்லை மூடவே மாட்டார்.

"அக்கா, மூடிட்டீங்களா?"

"சேவ் பண்ணிட்டேன் தம்பி."

"சேவ் பண்ணது சரி. மூடுங்க."

சேவ் செய்வதும் மூடுவதும் வேறு வேறு என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. கோப்பு திறந்திருக்கும்வரை பூட்டு சர்வரில் இருக்கும். மேலும் எக்செல் சேவ் செய்கிற விதம் வில்லங்கமானது. பழைய கோப்பின் மேலேயே எழுதாது. அதே ஃபோல்டரில் ஒரு தற்காலிகக் கோப்பை எழுதி, பழையதை நீக்கி, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். அந்தக் கணத்தில் இணைப்பை வெட்டினால் 'மார்ச் கணக்கு' காணாமல் போய், எட்டெழுத்துக் குழப்பப் பெயரில் ஏதோ ஒன்று கிடக்கும். அதை அழித்துவிடாதீர்கள்; எக்செல் நீட்சியைச் சேர்த்துத் திறந்து பாருங்கள், பல சமயம் அதுதான் கணக்கு. இன்டிசைன் ஆட்கள் 'ஐடிஎல்கே' நீட்சியுள்ள பூட்டுக் கோப்பை விட்டுச் செல்வார்கள். மறுநாள் கோப்பு திறக்க மறுத்தால், உண்மையிலேயே யாரும் திறக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு அதை நீக்கலாம்.

என்எஃப்எஸ் பக்கம் யார் இருக்கிறார்கள்? பழைய பழக்கத்தில் 'ஷோமவுண்ட் -ஏ' அடிப்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். என்எஃப்எஸ் பதிப்பு 4 கிளையன்ட்டுகள் அதில் வரவே வராது. என்றோ போனவர்கள் இன்னும் இருப்பதாகவும் காட்டும். லினக்ஸின் உள்மையமான கர்னலில், 5.3 பதிப்பு முதல், '/ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/கிளையன்ட்ஸ்' என்ற இடத்தில் ஒவ்வொரு பதிப்பு 4 கிளையன்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர் இருக்கிறது. உள்ளே 'இன்ஃபோ' கோப்பில் முகவரி, 'ஸ்டேட்ஸ்' கோப்பில் எதைத் திறந்து வைத்திருக்கிறது என்ற பட்டியல். பதிப்பு 3 ஆட்களுக்கு 'எஸ்எஸ் -டிஎன்' போட்டு 2049 போர்ட்டுக்கு வந்திருக்கும் இணைப்புகளைப் பாருங்கள். சாம்பாவுக்கு அதுவே 445.

ஆட்கள் யாரென்று தெரிந்ததும் வாசலை மூடுங்கள். சாம்பாவின் அமைப்புக் கோப்பில் அந்த ஷேரின் கீழே 'அவைலபிள் = நோ' என்று ஒரு வரி சேர்த்து, 'எஸ்எம்பிகன்ட்ரோல் ஆல் ரீலோட்-கான்ஃபிக்'. இனிப் புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தொந்தரவில்லாமல் வேலையை முடிப்பார்கள். நான் தேடியது இதைத்தான், கிடைக்க நாளானது. மின்சாரம் திரும்பியதும் அந்த வரியை எடுக்க மறந்தால் காலையில் போன் அலறும். அது தனிக் கதை.

வெட்டுக்கு ஐந்து நிமிடமே இருக்கும்போதும் எழுந்திருக்காத ஆள் இருந்தால் 'எஸ்எம்பிகன்ட்ரோல் எஸ்எம்பிடி க்ளோஸ்-ஷேர்' என்று ஷேர் பெயரோடு அடியுங்கள். அந்த ஷேரின் இணைப்புகள் மட்டும் மூடப்படும், மற்றவை தப்பும். விண்டோஸ் திரையில் அறிவிப்பு காட்ட 'எஸ்எம்பிகிளையன்ட் -எம்' என்று ஒரு பழைய வழி உண்டு. இன்றைய விண்டோஸ் அதைக் காதில் வாங்காது. வாட்ஸ்ஆப் குழுவில் ஒரு வரி போடுங்கள், அல்லது எழுந்து நின்று கத்துங்கள்.

அறிகுறி: சாம்பாவை நிறுத்தச் சொன்னால் அப்படியே நிற்கிறது, ஒன்றரை நிமிடம் ஆகிறது

டெபியன், உபுண்டுவில் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் எஸ்எம்பிடி'. ரெட் ஹாட் வகையறாவில் கடைசி 'டி' இல்லாமல் 'எஸ்எம்பி'. சாதாரணமாக இரண்டு மூன்று விநாடியில் முடிந்துவிடும். முடியவில்லை என்றால், சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் வழக்கப்படி 90 விநாடி காத்திருந்து, பிறகு கில் சிக்னலால் கொல்லும். நம்மில் பலர் அந்த 90 விநாடியும் பொறுக்காமல் 'கில் -9' அடிக்கிறோம். எஸ்எம்பிடியின் மேன் பக்கமே (கையேடே) வேண்டாம் என்கிறது: எல்லா எஸ்எம்பிடியும் பகிர்ந்துகொள்ளும் நினைவகப் பகுதி சீர்குலைந்த நிலையில் நின்றுவிடக்கூடும். பூட்டுகளின் கணக்கு எல்லோருக்கும் பொதுவான கோப்புகளில் இருக்கிறது. ஒருவரை நடுவில் கொன்றால் பதிவேடு பாதியில் நிற்கும். ஒழுங்காக முடித்துக்கொள் என்று கேட்கும் டெர்ம் சிக்னல், அதாவது 15, அனுப்பிவிட்டுப் பொறுங்கள்.

ஏன் நிற்கவில்லை என்று பார்க்க 'பிஎஸ் -இஓ பிஐடி,ஸ்டாட்,டபிள்யூசான்,சிஎம்டி'. ஸ்டாட் பத்தியில் 'டி' எழுத்து இருந்தால் அந்த ப்ராசஸ் டிஸ்க்குக்கோ நெட்வொர்க் டிஸ்க்குக்கோ காத்துக் கிடக்கிறது. எங்களிடம் நடந்தது இரண்டாவது. பேக்கப் பெட்டியின் ஒரு ஃபோல்டரைச் சர்வரில் என்எஃப்எஸ்ஸாக மவுண்ட் செய்து, அதையே சாம்பா வழியாக மறுபடி பகிர்ந்திருந்தேன். இரவு வேலைத் தம்பி நல்லெண்ணத்தில் பேக்கப் பெட்டியை முதலில் அணைத்துவிட்டான். எஸ்எம்பிடி இல்லாத டிஸ்க்கின் பதிலுக்குக் காத்திருந்தது. டபிள்யூசான் பத்தியில் 'ஆர்பிசி' என்று தொடங்கும் பெயர் இருந்தால் இதுதான் நோய். அந்தச் செத்த மவுண்ட்டை 'யுமவுண்ட் -எஃப்' போட்டால் காத்திருக்கும் கோரிக்கைகள் பிழையோடு திரும்பும், எஸ்எம்பிடி தானாக நிற்கும். அதோடு, என்எஃப்எஸ்ஸில் வாங்கியதைச் சாம்பாவில் விற்கும் அந்த ஏற்பாட்டையும் கலைத்துவிட்டேன். இரவல் வாங்கிய சேலையை இன்னொருத்திக்கு இரவல் கொடுப்பது போலத்தான் அது.

அறிகுறி: 'டார்கெட் இஸ் பிஸி' என்கிறது, ஆனால் யார் பிடித்திருக்கிறார்கள் என்று எந்தக் கட்டளையும் காட்டவில்லை

இந்த ஒன்றால்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன்.

சாம்பா நின்றுவிட்டது. 'யுமவுண்ட் /எஸ்ஆர்வி/அச்சு' அடிக்கிறோம். பிஸி. 'எஃப்யூசர் -விஎம்' அடிக்கிறோம், கர்னல் மவுண்ட் என்ற ஒற்றை வரி. 'எல்எஸ்ஓஎஃப்' அடிக்கிறோம், காலி. பேய் பிடித்தது போல இருக்கும்.

பிடித்திருப்பது என்எஃப்எஸ் சர்வர். சாம்பா மற்றவற்றைப் போல ஒரு சாதாரண ப்ராசஸ். அது திறந்த கோப்பு எஃப்யூசரில் தெரியும். என்எஃப்எஸ் சர்வரோ கர்னலுக்குள்ளேயே ஓடும் இழை (த்ரெட்). அது திறந்த கோப்புக்கு ப்ராசஸ் கணக்கு கிடையாது. வீட்டுக்காரரே உள்ளே உட்கார்ந்திருக்கும்போது விருந்தாளிப் பட்டியலில் தேடி என்ன பயன்?

தீர்வு: 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப் என்எஃப்எஸ்-சர்வர்'. டெபியனில் 'என்எஃப்எஸ்-கர்னல்-சர்வர்' என்ற பெயரும் செல்லும். நின்ற பிறகு யுமவுண்ட் அடித்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போலக் கழன்று வரும்.

இங்கே ஒரு நுணுக்கம். 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யுஏ' அடித்து எல்லாப் பகிர்வையும் முதலில் விலக்குவதுதான் மரியாதை என்று வெகுநாள் நினைத்திருந்தேன். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி விலக்கினால் கிளையன்ட்டுகளுக்கு 'ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்' என்ற பதில் போகும். ஓடிக்கொண்டிருந்த வேலை அங்கேயே பிழையோடு சாகும். சர்வரையே நிறுத்தினால் எந்தப் பதிலும் போகாது. ஹார்ட் மவுண்ட் கிளையன்ட் (பதில் வரும்வரை விடாமல் கேட்கும் வகை) பொறுமையாகக் காத்திருந்து, மின்சாரம் வந்து சர்வர் எழுந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடரும். சிஸ்டம்டியின் நிறுத்து வரிசையும் இப்படியே: முதலில் இழைகளைப் பூச்சியமாக்கி, பிறகே பகிர்வுகளை விலக்கும். இரண்டு மணி நேர வெட்டுக்கு நிறுத்துவதுதான் சரி. ஒரு டிஸ்க்கை நிரந்தரமாக எடுக்கும்போது மட்டும் விலக்குங்கள்.

மற்றப் பகிர்வுகள் ஓட வேண்டும், ஒரே ஒரு டிஸ்க்கை மட்டும் கழற்ற வேண்டும் என்றால்: அந்தப் பகிர்வை மட்டும் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ் -யு' போட்டு விலக்கி, '/ப்ராக்/எஃப்எஸ்/என்எஃப்எஸ்டி/அன்லாக்_ஃபைல்சிஸ்டம்' என்ற கோப்பில் அந்த டிஸ்க்கின் பாதையை எக்கோவால் எழுதுங்கள். பதிப்பு 3 பூட்டுகள் விடுபடும். பதிப்பு 4 ஆள் விடவில்லை என்றால், முன்பு சொன்ன கிளையன்ட்ஸ் ஃபோல்டரில் அவருடைய 'சிடிஎல்' கோப்பில் 'எக்ஸ்பயர்' என்று எழுதலாம். அது அவரை மற்றப் பகிர்வுகளிலிருந்தும் சேர்த்தே வெளியேற்றும் என்பதை மறக்க வேண்டாம்.

என்எஃப்எஸ்ஸும் நின்று இன்னும் பிஸி என்றால் காரணம் சாதாரணமானது. அந்த ஃபோல்டருக்குள் சிடி அடித்து உட்கார்ந்திருக்கும் டெர்மினல், அதற்குள்ளேயே இன்னொரு மவுண்ட், நினைவகம் பற்றாதபோது பயன்பட டிஸ்க்கில் கிடக்கும் ஸ்வாப் கோப்பு. முதலில் உங்கள் சொந்த டெர்மினல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாதி நேரம் அதுதான்.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. யுமவுண்ட் சத்தமில்லாமல் வெற்றி, ஆனால் டிஸ்க்கைச் சோதிக்கும் எஃப்எஸ்சிகே அடித்தால் டிஸ்க் இன்னும் மவுண்ட்டில் இருக்கிறது என்று மறுக்கும். என்எஃப்எஸ் பதிப்பு 4-க்காகப் பலர் ஒரு பொது ஃபோல்டரின் கீழ் பைண்ட் மவுண்ட் (அதே டிஸ்க்கை இன்னோர் இடத்திலும் காட்டுவது) செய்திருப்பார்கள். மூலத்தைக் கழற்றினாலும் அந்த இரட்டைப்பிறவி அப்படியே இருக்கும். 'ஃபைண்ட்மவுண்ட் -எஸ்' என்று, பெரிய எஸ், டிஸ்க்கின் பெயரோடு அடித்தால் எங்கெங்கே தொங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும்.

ஓர் எச்சரிக்கை, சொந்தப் பணத்தில் கற்றது. அவசரத்தில் 'எஃப்யூசர் -கேஎம்' அடிக்காதீர்கள். அது டெர்ம் அனுப்பாது, நேராகக் கில். அதைவிட மோசம்: நீங்கள் கொடுத்த ஃபோல்டர் அந்த நேரத்தில் மவுண்ட் ஆகாமல் இருந்தால், அது இருக்கும் ரூட் டிஸ்க்கையே குறியாக எடுத்துக்கொண்டு, அதில் கோப்பு திறந்த அத்தனை ப்ராசஸையும் கொல்லும், நீங்கள் தொலைவிலிருந்து நுழைந்திருக்கும் எஸ்எஸ்ஹெச் இணைப்பையும் சேர்த்து. டிஸ்க் ஏற்கெனவே கழன்றுவிட்டது தெரியாமல் நான் இரண்டாம் முறை அடித்தேன். திரை உறைந்தது. கொன்றே ஆக வேண்டும் என்றால் கூடவே பெரிய 'எம்' கொடியைச் சேருங்கள். மவுண்ட் இல்லாத இடத்தில் அது கை வைக்காது.

அறிகுறி: சர்வர் அணைந்துவிட்டது, கிளையன்ட் கணினிகள் அணைய மறுக்கின்றன

திரையில் 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடும். பிளேட் எடுக்கும் கணினி, போய்விட்ட சர்வரிடம் விடைபெற நின்றுகொண்டிருக்கிறது. யூபிஎஸ் நிமிடங்களை அது தின்கிறது.

வரிசை தலைகீழ். கிளையன்ட்டுகள் முதலில் கழற்ற வேண்டும், சர்வர் பிறகு. தவறு நடந்த பின் என்றால்: 'யுமவுண்ட் -எஃப்', அதற்கும் மசியாவிட்டால் 'யுமவுண்ட் -எல்', பிறகு அணையுங்கள். அந்தக் கணினியில் 'டிஎஃப்' அடிக்காதீர்கள். அதுவும் சேர்ந்து தொங்கும். என்ன மவுண்ட் ஆகியிருக்கிறது என்று பார்க்க 'ஃபைண்ட்மவுண்ட்' போதும்; அது சர்வரைத் தொந்தரவு செய்யாமல் கர்னலின் பட்டியலை மட்டும் படிக்கும்.

தொங்குகிறதே என்று ஹார்ட் மவுண்ட்டை சாஃப்ட்டாக மாற்றச் சொல்லும் அறிவுரை அடிக்கடி கண்ணில் படும். படிக்க மட்டும் பயன்படும் ஷேருக்குச் சரி. எழுதும் ஷேருக்கு வேண்டவே வேண்டாம். நேரம் கடந்ததும் பிழையைத் திருப்பிவிடும், அந்தப் பிழையைக் கவனிக்காத மென்பொருள் அரைகுறைக் கோப்போடு திருப்தியாக நகர்ந்துவிடும்.

எனக்கு வேலை செய்த தீர்வு வேறு. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டாப் கோப்பில், கிளையன்ட்டின் அந்த வரியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' என்பதையும், 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஐடில்-டைம்அவுட்=300' என்பதையும் சேர்த்தேன். யாராவது தொட்டால்தான் மவுண்ட் ஆகும். ஐந்து நிமிடம் யாரும் தொடாவிட்டால் தானே கழன்றுகொள்ளும். வெட்டு வரும் நேரத்தில் பெரும்பாலும் கழற்ற ஒன்றுமே இருக்காது.

அறிகுறி: மின்சாரம் வந்து சர்வர் எழுந்தபின், என்எஃப்எஸ் கோப்புகள் ஒன்றரை நிமிடம் திறப்பதில்லை

பிழையே இல்லை. கர்னல் பதிவில் '90-செகண்ட் கிரேஸ் பீரியட்' என்ற வரி இருக்கும். பழைய பூட்டுக்காரர்கள் தங்கள் பூட்டைத் திரும்பக் கேட்க அவகாசம் கொடுத்துவிட்டுத்தான் புதியவர்களுக்குத் திறக்கும். ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், 90 மறுபடி முதலிலிருந்து ஓடும். கிளையன்ட்டுகள் எல்லோரும் ஒழுங்காகக் கழற்றிவிட்டுப் போயிருந்தால், புதிய கர்னல்கள் மீட்டெடுக்க யாரும் இல்லை என்று கண்டு இந்தக் காத்திருப்பையே தாண்டிவிடும்.

அறிகுறி: எழுந்தபின் ஷேர் காலியாக இருக்கிறது

நெஞ்சு நின்றுவிடும், ஆனால் தரவு பத்திரம். வெளி டிஸ்க் மெதுவாக எழுந்திருக்கிறது. சாம்பாவும் என்எஃப்எஸ்ஸும் அதற்கு முன்பே கிளம்பி, வெற்று மவுண்ட் ஃபோல்டரைப் பகிர்ந்துவிட்டன. யாராவது அதில் எழுதத் தொடங்குமுன் இரண்டையும் நிறுத்தி, டிஸ்க்கை மவுண்ட் செய்து, மறுபடி கிளப்புங்கள்.

மறுபடி வராமலிருக்க: 'சிஸ்டம்சிடிஎல் எடிட் எஸ்எம்பிடி' அடித்து, யூனிட் பகுதியில் 'ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார்=/எஸ்ஆர்வி/அச்சு' என்ற வரியைச் சேருங்கள். இதில் இரட்டை லாபம். எழும்போது டிஸ்க்குக்குப் பின்னால்தான் சாம்பா எழும். சிஸ்டம்டி அணைக்கும்போது எழுப்பிய வரிசையைத் தலைகீழாக்குவதால், சாம்பா நின்ற பிறகே டிஸ்க் கழலும். பந்தி வரிசையைக் கணினியே மனப்பாடம் செய்துகொண்டது. என்எஃப்எஸ் பகிர்வு வரியில் 'மவுண்ட்பாயின்ட்' என்ற விருப்பத்தைச் சேர்த்தால், உண்மையான டிஸ்க் மவுண்ட் ஆகாதவரை அது பகிரப்படாது.

அறிகுறி: கோப்பு இருக்கிறது, அளவு பூச்சியம்; அல்லது கடைசிப் பத்து நிமிட வேலை இல்லை

தைப்பூச நோட்டீஸ் ஒன்று எங்களுக்கு இப்படிப் போனது. நள்ளிரவில் ஒரு மணி நேரம் செய்த திருத்தம். சர்வரை முறையாக நிறுத்தாமல் யூபிஎஸ் பட்டனை அழுத்தியிருக்கிறார்கள்.

லினக்ஸ் எழுதச் சொன்னதை உடனே டிஸ்க்கில் எழுதாது. நினைவகத்தில் வைத்து, வழக்கமாக 30 விநாடி வரை தாமதித்து இறக்கும். 'க்ரெப் டர்ட்டி /ப்ராக்/மெம்இன்ஃபோ' அடித்தால் இன்னும் இறங்காத அளவு கிலோபைட்டில் தெரியும். பக்கத்து வரி 'ரைட்பேக்' இப்போது இறங்கிக்கொண்டிருப்பது. 'சிங்க்' அடித்து, அது திரும்பும்வரை காத்திருந்து, மறுபடி பாருங்கள். யூஎஸ்பி டிஸ்க்கில் பெரிய பேனர் கோப்புகள் எழுதியிருந்தால் சிங்க் பல நிமிடம் எடுக்கும். அந்த நிமிடங்களை அணைக்கும் கணக்கில் சேர்க்காமல் விட்டதுதான் என் தப்பு.

என்எஃப்எஸ் என்றால், பகிர்வுகளைப் பட்டியலிடும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் 'அசிங்க்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வேகத்துக்காக யாரோ போட்டிருப்பார்கள். டிஸ்க்கில் இறங்குவதற்கு முன்பே 'இறங்கிவிட்டது' என்று கிளையன்ட்டிடம் பொய் சொல்லும் விருப்பம் அது. வழக்கமான அமைப்பு 'சிங்க்'. எங்களிடம் இருந்ததும் அசிங்க்தான். போட்ட அந்த 'யாரோ' நான்தான், இரண்டு வருடத்துக்கு முன்னால்.

அறிகுறி: யூபிஎஸ் தானாக அணைக்கும் என்றார்கள், அணைக்கவில்லை

யூபிஎஸ்ஸைக் கவனித்துக் கணினியை அணைக்கும் நெட்வொர்க் யூபிஎஸ் டூல்ஸ் போட்டிருப்பீர்கள். அதன் கண்காணிப்பு நிரல் யூபிஎஸ்மான், பேட்டரி குறைவு என்று யூபிஎஸ் சொன்ன பிறகே அணைக்கத் தொடங்கும். நாளுக்கு இரண்டு மூன்று முறை வெறுமையாகும் ஈயப் பேட்டரி, அடுத்த வெட்டுக்குள் முழுதாக ஏறுவதில்லை, சீக்கிரம் கிழடாகிவிடும். கிழட்டுப் பேட்டரி 40 சதவீதம் என்று சொல்லிக்கொண்டே பொத்தென்று விழும். குறைவு என்ற அறிவிப்பு வரவே வராது.

ஆகவே பேட்டரியின் வாக்கை நம்பாமல் கடிகாரத்தை நம்புங்கள். யூபிஎஸ்ஸ்கெட் என்ற துணை நிரலில், பேட்டரிக்கு மாறிய மூன்றாவது நிமிடம் 'யூபிஎஸ்மான் -சி எஃப்எஸ்டி' (கட்டாய அணைப்பு) ஓடும்படி டைமர் வையுங்கள். ஒரே யூபிஎஸ்ஸில் பேக்கப் பெட்டியும் இருந்தால் அதை செகண்டரியாக அமையுங்கள். பிரைமரியான சர்வர், செகண்டரிகள் விலகுவதற்கு 'ஹோஸ்ட்சிங்க்' நேரம்வரை காத்திருக்கும். வழக்கம் 15 விநாடி. என்எஃப்எஸ் கழற்ற அது பற்றாது. நான் 90 வைத்திருக்கிறேன்.

அட்டவணை தெரிந்த வெட்டுக்கு யூபிஎஸ் வரை போகவே வேண்டாம். வெட்டுக்குப் பத்து நிமிடம் முன்னால் 'ஷட்டவுன் -ஹெச் +5' போட்டுவிடுங்கள். வெட்டு ரத்து என்று ஆப் சொன்னால் 'ஷட்டவுன் -சி'.

அறிகுறி: மின்சாரம் வந்துவிட்டது, சர்வர் எழவில்லை

கணினி எழும்போது முதலில் ஓடும் பயாஸில், மின்சாரம் திரும்பும்போது என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு 'லாஸ்ட் ஸ்டேட்' என்று இருக்கும். நீங்கள் முறையாக அணைத்ததால் அதன் கடைசி நிலை 'அணைந்தது'. அதனால் விசுவாசமாக அணைந்தே கிடக்கும். 'பவர் ஆன்' என்று மாற்றுங்கள்.

மாற்றியும் எழவில்லை என்றால், யூபிஎஸ் தன் வெளியீட்டை வெட்டவே இல்லை. சர்வர் அணைந்தது, பேட்டரி முடியுமுன் மின்சாரம் வந்தது. பெட்டியின் பார்வையில் மின்சாரம் நிற்கவே இல்லை, எதற்கு எழ வேண்டும்? யூபிஎஸ்மான் அமைப்பில் 'பவர்டவுன்ஃபிளாக்' வரி இருக்கிறதா, அணைப்பின் கடைசிக் கட்டத்தில் 'யூபிஎஸ்டிஆர்விசிடிஎல் ஷட்டவுன்' ஓடுகிறதா என்று பாருங்கள். அது ஓடினால் யூபிஎஸ் வெளியீட்டை ஒரு முறை வெட்டி, மின்சாரம் இருந்தால் மறுபடி கொடுக்கும்.

இதைச் சோதிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லாதபோது, யூபிஎஸ்ஸின் மூன்று உருண்டைக் கால் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, கையில் போனின் ஸ்டாப்வாட்சோடு உட்காருங்கள். சர்வர் அணைந்ததும் உடனே பிளக்கை மாட்டுங்கள். எங்கள் பெட்டி முதல் சோதனையில் எழவில்லை, இரண்டாவதில் எழுந்து ஷேர் காலியாக இருந்தது, மூன்றாவதில்தான் எல்லாம் வந்தது. அந்த மூன்றாவது சோதனையின் நேரங்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கிறேன்: சாம்பா நிற்க 4 விநாடி, என்எஃப்எஸ் 2, சிங்க் 110, டிஸ்க் கழல 1. அடியில் அக்காவின் கையெழுத்தில் ஒரு வரி: "எக்செல் மூடியாச்சு, தம்பி."